வரப்பில் நண்டு வளை, டோகமாக்கில் கொந்தளிப்பு

முனைவர் பட்ட நேர்முகத் தேர்வில் ஒரு வரைபடத்தை என் முன் வைத்தார்கள். எலக்ட்ரானும் அயனியும் பிரிந்த சூடான வாயுவான பிளாஸ்மாவை, அணு இணைவு ஆய்வுக்காகக் காந்தப்புலத்தில் அடைத்துவைக்கும் கருவிதான் டோகமாக். அதன் உட்பகுதியில் அளந்த அடர்த்தி அலை அது. அது அயனிகளின் டயா காந்த நகர்வுத் திசையில் போய்க்கொண்டிருந்தது. அழுத்தச் சாய்வால் காந்தப்புலத்தில் வரும் இந்த நகர்வில் அயனிகள் ஒரு பக்கமும் எலக்ட்ரான்கள் எதிர்ப்பக்கமும் போகும். "இது எந்த வகைக் கொந்தளிப்பு?" என்றார்கள். "அயனி வெப்பச் சாய்வு அலை" (அயனிகளின் வெப்பநிலைச் சரிவால் கிளம்புவது) என்று சட்டென்று சொல்லிவிட்டேன். "பிளாஸ்மாவே சுழல்கிறதே, அந்த வேகத்தைக் கழித்தீர்களா?" கழிக்கவில்லை. அந்த ஆண்டு இடமும் கிடைக்கவில்லை.

மன்னார்குடிப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இந்தச் சறுக்கல் வந்திருக்கக் கூடாது. பாமணியாற்றில் புதுத்தண்ணீர் வரும் நாளில், எதிர்நீச்சல் போடும் தண்ணீர்ப் பாம்பு கரையில் நிற்பவன் கண்ணுக்குப் பின்னோக்கித்தான் போகும். மின்புலத்தால் சுழலும் பிளாஸ்மாவிலும் அதே கதை. அலையின் சொந்த வேகத்தைவிடச் சுழற்சி பெரிதாக இருந்தால், ஆய்வகத்திலிருந்து பார்க்கும் திசை ஏமாற்றிவிடும். சுழற்சியைக் கழித்த பிறகும் திசையை மட்டும் நம்ப முடியாது. காந்தப்புலம் வலுக்குறைந்த பகுதியில் சிக்கிய எலக்ட்ரான்களால் வரும் சிறைப்பட்ட எலக்ட்ரான் அலை வழக்கமாக எலக்ட்ரான் திசையில் போகும். சில சூழலில் அயனித் திசைக்கே திரும்பிவிடும்.

அடுத்த முறை படித்தபோது, பெயர்களை மனப்பாடம் செய்வதை விட்டேன். எங்கள் வயலில் குறுவைக்கு இரவு வைத்த தண்ணீர் ஒருநாள் விடிவதற்குள் வடிந்திருந்தது. அப்பா வரப்போரம் நடந்து, அடுத்த வயலில் இறங்கும் தண்ணீரைக் கையில் அள்ளிப் பார்த்தார். "தெளிவாக வருகிறது தம்பி, நண்டு வளைதான். மடை உடைந்திருந்தால் சேறும் சேர்ந்து வந்திருக்கும்" என்றார். ஓட்டையைத் தேடுவதற்கு முன்பே, என்ன வெளியேறுகிறது என்று பார்த்துவிட்டார்.

பிளாஸ்மாவிலிருந்து வெப்பத்தையும் துகள்களையும் கசியவிடும் கொந்தளிப்பையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும். எலக்ட்ரான் வெப்பம் மட்டும் கசிந்து, துகளும் அயனி வெப்பமும் பெரும்பாலும் தங்கிவிட்டால், எலக்ட்ரான் வெப்பச் சாய்வு அலையையும், காந்தக் கோடுகளைக் கிழித்து மறுபடி இணைக்கும் நுண்கிழிவு அலையையும் சந்தேகியுங்கள். துகள், அயனி வெப்பம், எலக்ட்ரான் வெப்பம் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவில் பரவி வெளியேறினால், அது அழுத்தச் சாய்வால் கிளம்பும் இயக்க பலூன் அலையின் வேலையாக இருக்கலாம், மடை உடைப்பு. அயனி வெப்பச் சாய்வு அலையில் அயனி வெப்பமே முன்னால் ஓடும்.

அடுத்தது தூண்டுகோல். கணினி உருவகத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அலை எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பாருங்கள். அயனி வெப்பச் சாய்வைக் கூட்டினால் வளர்கிறதா? மோதலைக் கூட்டினால் எலக்ட்ரான்கள் காந்தச் சிறையிலிருந்து விடுபடும், சிறைப்பட்ட எலக்ட்ரான் அலை தளரும். பிளாஸ்மா அழுத்தத்துக்கும் காந்த அழுத்தத்துக்கும் உள்ள விகிதமான பீட்டாவைக் கூட்டினால், இயக்க பலூன் அலை ஓர் எல்லையைத் தாண்டியதும் குபீரென்று கிளம்பும். அயனி வெப்பச் சாய்வு அலையோ அடங்கத் தொடங்கும். இவற்றை நான் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறம் கட்டம் போட்டு எழுதி, சுவரில் ஒட்டிவைத்தேன். ஆனால் உருவகத்தில் இறங்குவதற்கு முன் டயா காந்த நகர்வுச் சமன்பாட்டைத் தாளில் நீங்களே வருவித்துவிடுங்கள். அதைத் தாண்டிக் குதித்தவர்கள் கரும்பலகை முன் நிற்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள், நானும்தான்.

விளிம்புப் பகுதிக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில், வெப்பத்தை நன்றாக அடைத்துவைக்கும் எச்-நிலை தெரியவந்தது. அந்த நிலையில் விளிம்பில் அழுத்தம் செங்குத்தாக ஏறும். மிச்சமிருக்கும் கசிவு எதனால் என்ற விவாதத்தில் மேலே சொன்ன பெயர்கள் எல்லாமே வரும்.

இரண்டாவது நேர்முகத்தில் கேள்வி அங்கிருந்துதான் வந்தது. "எலக்ட்ரான் வெப்பம் மட்டும் கசிகிறது. நுண்கிழிவா, எலக்ட்ரான் வெப்பச் சாய்வா?" நான் உடனே பதில் சொல்லவில்லை. காந்தப்புல அதிர்வை அளக்கும் சுருளில் ஏதாவது பதிவானதா என்று திருப்பிக் கேட்டேன். நுண்கிழிவு அலை காந்தக் கோடுகளையே கலைப்பதால் சுருளில் தடம் விடும். மற்றது பெரும்பாலும் மின்புல அலை. எலக்ட்ரானின் லார்மர் ஆர அளவில், அதாவது காந்தக் கோட்டைச் சுற்றி எலக்ட்ரான் போடும் வட்டத்தின் ஆர அளவில் நடப்பது. ஒரே வெப்பநிலையில் அந்த ஆரம், கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் அயனியுடைய ஆரத்தில் சுமார் 60இல் ஒரு பங்குதான். "பதிவானது" என்றார் கேள்வி கேட்டவர். "சுழற்சியைக் கழித்த பிறகு திசை?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவரை நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறேன்.