கிணத்துத் தண்ணிய லேப்புக்குக் குடுத்துப் பாத்த அனுபவம் – திருகோணமலை

உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளிப் பக்கம் இன்னும் வீட்டுக் கிணத்துத் தண்ணியத்தான் குடிக்கிற ஆக்கள் கனபேர் இருக்கிறீங்க, உங்களுக்காகத்தான் இதை எழுதுறன். எங்கட வீட்டுக் கிணத்தை லேப்புக்குக் குடுத்து, ரிப்போர்ட் எடுத்து, குளோரின் போட்டு, திரும்பவும் குடுத்துப் பாத்து, கடைசியா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறம். தேடிப் பாத்தா தமிழ்ல இதைப்பத்தி ஒருத்தரும் வடிவா எழுதின மாதிரித் தெரியேல்ல, அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன்.

எங்கட கிணறு அப்பா காலத்தில வெட்டினது, கொங்கிறீட் வளையம் இறக்கின சாதாரண மணல் கிணறு. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், உப்பும் இல்ல. வீட்டுக்கு பைப் லைனும் இருக்கு, கந்தளாய்க் குளத்துத் தண்ணிய சுத்திகரிச்சு வாறது, ஆனா அம்மாவுக்கு அது குளோரின் மணக்குது எண்டு பிடிக்காது, குடிக்கிறதும் சமைக்கிறதும் கிணத்திலதான். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் மழை வந்துதே, அப்ப மூதூர், வெருகல் பக்கம் மாதிரி எங்கட பக்கம் வெள்ளம் கிணத்த மூடேல்ல, ஆனா நிலத்தடித் தண்ணி ஏறி வந்து கையால வாளிய விட்டு அள்ளுற அளவுக்கு நிண்டது. பிறகு ஒழுங்கையில அடுத்தடுத்த வீடுகளில பிள்ளைகளுக்கு வயித்தோட்டம். அந்த நேரம் பாத்து தங்கச்சியும் கைக்குழந்தையோட எங்கட வீட்டில, தாய்ப்பால் காணாம மாப்பாலும் சேத்துக் குடுக்கிறவ, அதைக் கரைக்கிறதும் கிணத்துத் தண்ணியிலதான். அதுதான் என்னை எழுப்பிவிட்டது.

முதல்ல எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிசுக்குத்தான் போனன், எங்கட ஏரியாவுக்கு ஆர் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) எண்டு கேட்டு அவரோட கதைச்சன். நல்ல மனிசன், அடுத்த நாளே வந்தவர். வந்து தண்ணிய எட்டிப் பாக்கேல்ல, கிணத்தைச் சுத்தித்தான் நடந்தவர். மலசலகூடக் குழி எங்க, பக்கத்து வீட்டுக் குழி எங்க, குளிக்கிற தண்ணி எங்க போகுது எண்டுதான் கேட்டவர். கிணத்துக்கும் குழிக்கும் இடையில குறைஞ்சது 50 அடியாவது இருக்கோணும் எண்டு சொன்னவர், எங்கட குழி அந்தளவு தள்ளித்தான் இருக்கு, ஆனா மதிலுக்கு அங்கால மாமி வீட்டுக் குழி கிணத்துக்குக் கிட்ட. காணி எல்லாம் துண்டு துண்டாப் பிரிஞ்ச பிறகு அவங்கட குழி எங்கட கிணத்துக்குப் பக்கம், எங்கட குழி இன்னொருத்தற்ற கிணத்துக்குப் பக்கம் எண்டுதான் எல்லா ஒழுங்கையிலயும் கிடக்கு, ஒருத்தரையும் குறை சொல்ல ஏலாது. அடி கட்டாத குழி, கீழயும் மணல். மழைக்கு நிலத்தடி மட்டம் ஏறினா குழியும் கிணறும் ஒரே தண்ணிக்குள்ளதான் நிக்கும்.

பிறகு அவர் ஒரு வேலை செஞ்சவர், அதை நான் மறக்க மாட்டன். கிணத்தடிச் சீமெந்தில ஒரு வெடிப்பு, எங்களுக்கு அது கனகாலமாப் பழகின வெடிப்பு. "அம்மா, உடுப்புக்குப் போடுற நீலம் இருக்கா?" எண்டு கேட்டவர். அம்மா எடுத்துக் குடுத்தா. ஒரு வாளித் தண்ணியில நல்லாக் கலக்கி அந்த வெடிப்பு மேல ஊத்திப்போட்டு எங்களைக் கிணத்துக்குள்ள பாக்கச் சொன்னவர். டோர்ச் அடிச்சுப் பாத்துக்கொண்டு நிண்டம். கொஞ்ச நேரத்தில ரெண்டாவது வளையம் பொருத்தின இடத்தால ஒரு நீலக் கோடு மெல்ல வழிஞ்சு இறங்கிச்சு. நாங்க குளிக்கிறது, உடுப்புத் தோய்க்கிறது, பிள்ளையைக் கழுவுறது எல்லாம் அந்த இடத்திலதான். அம்மா ஒண்டும் கதைக்கேல்ல, கயித்தை எடுத்துச் சுத்தி வைச்சிட்டு உள்ள போயிட்டா.

சரி, இனி சாம்பிள் எடுக்கிறது. இதில ரெண்டு போத்தல் வேணும், ஒண்டு கிருமி பாக்க, மற்றது இரசாயனம் பாக்க, ரெண்டும் எடுக்கிற முறை நேர் எதிர். கிருமிக்கு லேப்பே சுத்தப்படுத்தின போத்தல் தரும், வீட்டுச் சோடாப் போத்தல் சரிவராது. அதைக் கழுவக்கூடாது, மூடிய கடைசி நேரத்திலதான் திறக்கோணும், வாயுக்குள்ள விரல் படக்கூடாது, மூடிய நிலத்தில வைக்கக்கூடாது, கிணத்துச் சுவரில முட்டாம இறக்கி எடுக்கோணும், முட்ட நிரப்பாம கொஞ்சம் காத்து விடோணும். எடுத்தவுடன ஐஸ் பெட்டியில வைச்சு 6 மணித்தியாலத்துக்குள்ள லேப்புக்குக் கொண்டு போயிடோணும். பின்னேரம் எடுத்து அடுத்த நாள் குடுத்தா எண்ணிக்கை மாறிடும். இரசாயனப் போத்தல் அப்பிடி இல்ல, சுத்தமான பிளாஸ்டிக் போத்தல் எண்டாக் காணும், அதே கிணத்துத் தண்ணியால ரெண்டு மூண்டு தரம் அலசிப்போட்டு நிரப்பினாச் சரி.

முக்கியமா, சாம்பிள் எடுக்க முதல் கிணத்துக்குக் குளோரின் போட்டிடாதீங்க. போட்டா ரிப்போர்ட் நல்லாத்தான் வரும், ஆனா அது உங்கட கிணத்தின்ர நிலைமை இல்ல. அதோட போக முதல் லேப்புக்குப் போன் அடிச்சுக் கேளுங்க. கிருமிச் சோதனைக்கு சாம்பிளை ஒரு நாள், ரெண்டு நாள் சூட்டில வைச்சுத்தான் எண்ணுறது, அதால வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டு போனா சில இடத்தில எடுக்க மாட்டாங்க. என்ன என்ன பாக்கோணும் எண்டு நீங்கதான் கேட்டு எழுதிக் குடுக்கோணும், சும்மா "தண்ணி டெஸ்ட்" எண்டு சொன்னா சில நேரம் கிருமி மட்டும் பாத்துத் தருவாங்க. நான் நைத்திரேற்றையும் சேத்துப் பாக்கச் சொன்னன், கைக்குழந்தை இருக்கிற வீடு எண்டு பி.எச்.ஐ. சேர்தான் சொல்லி விட்டவர்.

ரிப்போர்ட்டில பக்கத்தில பக்கத்தில ரெண்டு நிரல் இருக்கும், ஒண்டு உங்கட தண்ணி, மற்றது எஸ்.எல்.எஸ். 614 எண்ட இலங்கைக் குடிநீர்த் தரம். ஈ.கோலை எண்ட கிருமி 100 மில்லி லீட்டரில ஒண்டும் இருக்கக்கூடாது, நைத்திரேற்று லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள்ள, குளோரைட்டு (அதுதான் உப்பு) 250, புளோரைட்டு 1, பி.எச். (அமில, காரத் தன்மை) 6.5இல இருந்து 8.5 வரை. எங்கட தண்ணி உப்புக்கும் புளோரைட்டுக்கும் பாஸ். உள்ளுக்க பதவிசிறிபுரப் பக்கம் சிறுநீரக நோய்ப் பிரச்சினையால எல்லாரும் புளோரைட்டு, கடினத்தன்மை எண்டுதான் பயப்பிடுற, எங்கட கரையோர மணல்ல பிரச்சினை வேற. ஈ.கோலை இருந்துது, ஒண்டு ரெண்டு இல்ல. நைத்திரேற்றும் 50ஐத் தாண்டி நிண்டுது.

இந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் எல்லாரும் விளங்கிக்கொள்ளோணும். ஈ.கோலை எண்டா மனிசற்ற இல்லாட்டி மிருகத்தின்ர மலம் தண்ணியோட சேந்திட்டுது எண்டு அர்த்தம். வயித்தோட்டம், நெருப்புக் காய்ச்சல், செங்கண்மாரி எல்லாம் அந்த வழியாலதான் வாறது. ஆனா தண்ணியக் குமிழி வந்து கொதிக்கிற வரைக்கும் சூடாக்கினா அது செத்திடும். நைத்திரேற்று அப்பிடி இல்ல. குழியில இருக்கிற கழிவும் தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் மணலுக்குள்ள மாறி நைத்திரேற்றா வரும், மணல் கிருமிய ஓரளவுக்கெண்டாலும் வடிக்கும், இதை வடிக்காது, தண்ணியோட கரைஞ்சே ஓடும். கொதிக்க வைச்சாப் போகாது, தண்ணி ஆவியாப் போகப் போக அது இன்னும் கூடும். கடையில விக்கிற மெழுகுதிரி (செரமிக் உருளை) பில்டரும் இதை எடுக்காது, தண்ணிய நுண்ணிய சவ்வுக்குள்ளால தள்ளி வடிக்கிற ஆர்.ஓ. மிசின் எடுக்கும். நிறமும் இல்ல, மணமும் இல்ல, ருசியும் இல்ல. பெரியாக்களுக்கு இந்த அளவில பெரிசா ஒண்டும் செய்யாது, ஆனா ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தத் தண்ணியில மாப்பால் கரைச்சுக் குடுத்தா, ரத்தம் ஒட்சிசனைக் கொண்டு போற சக்தி குறைஞ்சு உதடு, நகம் எல்லாம் நீலம் பாரிக்கலாம். நல்லாக் கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறம் எண்டு தங்கச்சி ஒவ்வொரு நாளும் நம்பிக்கொண்டு இருந்தவ. ரிப்போர்ட் வந்த அண்டைக்கே பிள்ளைக்கு பைப் தண்ணிக்கு மாறிட்டம், கடவுளே எண்டு பிள்ளைக்கு ஒண்டும் இல்ல.

பிறகு கிணத்து வேலை. முதல்ல கிணத்தடிய உடைச்சு, சாய்வா, தண்ணி வெளிய ஓடுற மாதிரிக் கானோட புதுசாச் சீமெந்து போட்டம், வளையம் பொருத்தின இடங்களையும் பூசினம், மூடி ஒண்டும் செஞ்சம். மேசனை உள்ள இறக்க முதல் பி.எச்.ஐ. சேர் கண்டிப்பாச் சொன்ன விசயம், தண்ணி இறைக்கிற பெற்றோல் மோட்டரைக் கிணத்துக்குள்ள இறக்கவே கூடாது, அதின்ர புகையாலயே ஆள் மயங்கிச் செத்துப் போகும். இறங்கிற ஆளுக்கு இடுப்பில கயிறு, மேல ரெண்டு பேர் நிக்கோணும். இதில ஆரும் வீரம் காட்டாதீங்க.

முழுசா இறைச்சுக் கழுவுவம் எண்டுதான் பக்கத்து ஆக்கள் எல்லாரும் சொன்னவங்க. கடற்கரைப் பக்கம் அது கூடாது. எங்கட மணலுக்குக் கீழ கடல் தண்ணி இருக்கு, அதுக்கு மேலதான் நல்ல தண்ணி மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ 40 அடி வரைக்கும் நல்ல தண்ணி இருக்கும் எண்டு ஒரு கணக்கு இருக்கு, அப்ப மேல கொஞ்சம் குறைஞ்சாலே கீழ எவ்வளவு உப்பு ஏறும் எண்டு பாருங்க. 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில கிணறுகளைச் சுத்தப்படுத்துறம் எண்டு திரும்பத் திரும்ப இறைச்ச இடங்களில உப்பு குறையேல்ல, கீழ இருந்து இன்னும் ஏறினது. பிறகு வந்த மழைதான் மெல்ல மெல்லக் கழுவினது. அதால நாங்க மெதுவா, அளவா இறைச்சு, அடியில படிஞ்ச சேறை மட்டும் எடுத்தம்.

குளோரின் கணக்கு இதுதான். கிணத்தின்ர விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, 0.785ஆல பெருக்கினா கன மீட்டர் வரும், எல்லாம் மீட்டர்ல அளக்கோணும். எங்கட கிணறு ஒண்டரை மீட்டர் விட்டம், ரெண்டு மீட்டர் தண்ணி, அப்ப 3500 லீட்டர் சொச்சம். ஒருக்காப் பலமாப் போட்டுக் கழுவுறதுக்கு லீட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் எண்டு பாத்தா 175 கிராம், டி.சி.எல். எண்ட வெளிற்றும் பவுடர்ல 30 வீதம்தான் குளோரின் எண்டபடியா 600 கிராம் கிட்டப் போடோணும். பக்கெட் உடைச்சுக் கனநாள் கிடந்த பவுடர் பலம் போயிருக்கும், புதுசா வாங்குங்க. அப்பிடியே கொட்டாதீங்க, பிளாஸ்டிக் வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில படிய விட்டு, மேல தெளிஞ்சதை மட்டும் சுத்திவர ஊத்தி, வாளியால கலக்கோணும். கையுறை போடுங்க, காத்துப் படுற இடத்தில நிண்டு செய்யுங்க, டொய்லட் கழுவுற அசிட்டைக் கிட்டவும் கொண்டு வராதீங்க. ஒரு இரவு முழுக்க விட்டு, அடுத்த நாள் மணம் போற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு வெளிய விட்டம், அந்தத் தண்ணிய மரங்களுக்கு விடேல்ல.

குளோரின் முழுசாப் போனாப் பிறகுதான் ரெண்டாவது சாம்பிள் குடுத்தது. ஈ.கோலை இல்ல. நைத்திரேற்று ஒரு இம்மியும் குறையேல்ல, அது குளோரினால போற சாமான் இல்ல எண்டு முதலே தெரியும், ஆனாலும் பேப்பர்ல பாக்கேக்க மனம் கனத்தது. மாமி வீட்டுக் குழி அப்பிடியே இருக்கிற வரைக்கும் அது குறையாது.

அதால இப்ப கிணறு குளிக்க, தோய்க்க, மரத்துக்கு. குடிக்க, சமைக்க பைப் தண்ணி. மணத்துக்கு அம்மா கண்டுபிடிச்ச வழி, இரவே மண்பானையில பிடிச்சு மெல்லிய துணியால மூடி வைக்கிறது, காலம குளோரின் மணம் போயிடும். ஆனா மணம் போனா அதின்ர பாதுகாப்பும் போயிட்டுது எண்டு அர்த்தம், கோப்பைய விட்டு அள்ளாம அகப்பையால எடுக்கோணும், அண்டைக்கே முடிக்கோணும். பி.எச்.ஐ. சேர் எங்கட பைப்பைத் திறந்து ஒரு சின்னக் குழாயில பிடிச்சு குளிசை ஒண்டு போட்டுக் காட்டினவர், இளஞ்சிவப்பா மாறிச்சு, அந்த நிறத்தை அட்டையோட ஒப்பிட்டா மிச்சக் குளோரின் எவ்வளவு எண்டு தெரியும், வீட்டுக்கு வந்து சேரேக்க லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கோணுமாம். எங்கட பைப்பில இருந்துது.

மாமியோட கதைக்கிறதுக்குத்தான் நான் கனக்க யோசிச்சன். ரிப்போர்ட்டைக் கொண்டு போய்க் காட்டி, "மாமி, உங்கட கிணத்தையும் ஒருக்காப் பாப்பம், உங்களுக்கும் பின்பக்கத்து வீட்டுக் குழி கிட்டத்தானே" எண்டு சொன்னன். அவவுக்கும் பேரப்பிள்ளையள் இருக்கு. இப்ப அவங்கட கிணத்துத் தண்ணியும் லேப்புக்குப் போயிருக்கு, குழியை அடியும் சுவரும் கட்டின தொட்டியா மாத்த மேசனிட்டக் கணக்குக் கேட்டிருக்கிறா, செலவில ஒரு பங்கு நாங்களும் போடுறம் எண்டு சொல்லியிருக்கிறம். உங்கட வீட்டுக்கும் செய்யப் போறீங்க எண்டா ஒருக்கா மழை முடிஞ்சு தை, மாசியில கிருமிக்கும் நைத்திரேற்றுக்கும், இன்னொருக்கா ஆவணி, புரட்டாதியில தண்ணி வத்தி நிக்கேக்க உப்புக்கும் குடுத்துப் பாருங்க. போத்தலை முதல் நாளே லேப்பில வாங்கி வைச்சிட்டு, அடுத்த நாள் விடிய எடுத்துக்கொண்டு போங்க.