நடுவில் ஒரு கம்பிகூட இல்லாமல்

பொள்ளாச்சிப் பக்கம் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் போர் மோட்டாருக்கு ஒரு ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் செய்து கொடுத்திருந்தேன். மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து ஆன்-ஆஃப் ஆகும் ஃப்ளோட் சுவிட்ச். அங்கிருந்து மோட்டார் ரூமுக்குக் கிட்டத்தட்ட 90 மீட்டர் வயர். இடி மழை வந்தாலே கன்ட்ரோலரின் மூளையான மைக்ரோகன்ட்ரோலர் சிப் போய்விடும். மூன்றாவது முறை போனபோது சித்தப்பா, "என்ன கண்ணு, மறுக்காவும் போச்சா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவ்வளவு நீள வயர், மின்னல் பக்கத்தில் எங்கே இறங்கினாலும் அதிர்ச்சியை வாங்கி நேராக போர்டுக்குள் கொண்டுவந்துவிடும். அதனால் பிசி817 ஆப்டோகப்ளர் ஒன்றைப் போட்டேன். நாலே நாலு கால் உள்ள சின்ன சிப். ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் எல்இடி, எதிர்ப்பக்கம் அந்த வெளிச்சம் பட்டால் கடத்தும் ஃபோட்டோ டிரான்சிஸ்டர். சிக்னல் ஒளியாகத் தாண்டும்; மின்சாரம் தாண்டாது. 5000 வோல்ட் வரை தாங்கும் என்று டேட்டாஷீட் சொல்கிறது.

அடுத்த மழையில் அந்த போர்டும் போனது.

சிப் மேல் குற்றமில்லை. எல்இடி பக்கத்துக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரே 12 வோல்ட் சப்ளையைக் கொடுத்திருந்தேன். கிரவுண்டும் ஒன்றுதான். ஒளி தாண்டுகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு செம்பு வழியாகவே மின்சாரம் உள்ளே வந்திருக்கிறது. கடையில் வாங்கும் ரிலே மாட்யூல்களிலும் இதே கதை நடக்கும்: ஆப்டோ இருக்கும், ஆனால் இரண்டு சப்ளையையும் சேர்க்கும் ஜம்பரை யாரும் கழற்றுவதில்லை.

இந்த முறை ஃப்ளோட் வயருக்கென்று தனியாக ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை வைத்தேன். 12 வோல்ட், 2.2 கே ரெசிஸ்டர், எல்இடியில் 1.2 வோல்ட் போக சுமார் 5 மில்லியாம்பியர் ஓடும். பிசி817-இன் சிடிஆர் (எல்இடியில் ஓடும் கரண்டில் எத்தனை பங்கு எதிர்ப்பக்கம் ஓடும் என்ற கணக்கு) குறைந்தபட்சம் 50 சதவீதம், அதாவது டிரான்சிஸ்டர் பக்கம் 2.5 மில்லியாம்பியர் நிச்சயம். கன்ட்ரோலர் பக்கம் சிக்னல் வயரை மேலே இழுத்து வைத்திருக்கும் 10 கே புல்-அப் ரெசிஸ்டருக்கு 0.5 இருந்தாலே போதும். இந்த மிச்சத்தை வேண்டுமென்றே விட்டேன். எல்இடி வருடக்கணக்கில் எரிந்து மங்கும். தலைகீழாக 6 வோல்ட்டுக்கு மேல் அது தாங்காது என்பதால் குறுக்கே எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோடு.

போர்டில் சிப்புக்கு அடியில் செம்பே விடவில்லை. இரண்டு வரிசைக் கால்களுக்கும் நடுவே இருப்பது 7.62 மில்லிமீட்டர்தான், அதற்குள் ஒரு செம்பு டிராக்கை ஓட்டினால் அந்த இடைவெளியும் போச்சு. கடைசியாக இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். ஓப்பன்: இணைப்பே இல்லை.

ஐப்பசி மழையில் சித்தப்பா போன் செய்தார். "தொட்டில தண்ணி ஏறல கண்ணு."

போய்ப் பார்த்தால் ஆப்டோவின் எல்இடி செத்திருந்தது. எல்இடியில் கரண்ட் ஓடினால்தான் மோட்டார் ஓடும்படி வைத்திருந்ததால் மோட்டார் நின்றே இருந்திருக்கிறது. ஐசி சாக்கெட்டிலிருந்து பழையதைப் பிடுங்கிவிட்டுப் புது பிசி817 ஒன்றைச் செருகினேன். கன்ட்ரோலர் அதே பழைய கன்ட்ரோலர்தான். மோட்டார் ஓடியது.