அப்பா பேருக்கு வந்த செக்: கேஸ் கம்பெனியிடம் 318 பவுண்டு திரும்ப வாங்கிய அனுபவம்

மார்ச்சில் கேட்க ஆரம்பித்த பணம் ஆகஸ்டில் வந்து சேர்ந்தது. நடுவில் நடந்ததை எழுதி வைத்தால் இங்கிலாந்தில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும். எனக்கும் கொஞ்சம் எரிச்சல் அடங்கும்.

டைரக்ட் டெபிட் (மாதாமாதம் கம்பெனியே நம் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டிருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான். கோடையில் கணக்கில் கிரெடிட், அதாவது நாம் அதிகமாகக் கட்டிய பணம், சேரும், குளிர்காலத்தில் கரையும், மாதத் தொகை மட்டும் மாறாது. எனக்குப் போன குளிர்காலத்தில் அது கரையவில்லை, கரைந்திருக்கவும் முடியாது. மனைவி பிரசவத்துக்காக நவம்பரிலேயே ஊருக்குப் போய்விட்டாள். எனக்கு இரவு ஷிஃப்ட். பகலில் போர்வைக்குள் தூங்குகிற ஒற்றை ஆளுக்கு ஹீட்டிங் எதற்கு? ஆனாலும் மாதம் 165 பவுண்டு தவறாமல் போய்க்கொண்டிருந்தது. மார்ச் பில்லைப் பார்த்தால் கிரெடிட் 163 பவுண்டுதான்.

கேஸ் ரீடிங்குக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எஸ்டிமேட்டட்’, அதாவது உத்தேசம், என்று இருந்தது. முந்தைய பில்லிலும் அதேதான். எங்கள் வீட்டில் கரன்டுக்கு ஸ்மார்ட் மீட்டர், கேஸுக்குப் பழைய மீட்டர். ஆப்பில் ஜனவரியிலேயே ரீடிங் கொடுத்திருந்தேன். ‘நன்றி’ என்று பச்சை டிக் வந்தது. கொடுத்த எண் மட்டும் எந்த பில்லிலும் வரவில்லை.

ஏன் என்று பிறகு ஒரு நல்ல மனிதர் போனில் விளக்கினார். அவர்களுடைய சிஸ்டம் உத்தேசமாக 04871 என்று போட்டு வைத்திருந்தது. உண்மையான ரீடிங் 04655. முந்தையதைவிடக் குறைந்த எண்ணைக் கொடுத்தால் ‘மீட்டர் பின்னோக்கி ஓடாது’ என்று சிஸ்டம் அதை ஓரம் கட்டிவிடும். முந்தையது அதுவே கற்பனை செய்த எண் என்பது அதற்குத் தெரியாது. அதனால் குறைவாக எரித்தவர்கள் அடுத்த பில் வரும்வரை பேசாமல் இருந்தால் வேலைக்காகாது. உண்மையான எண் கற்பனை எண்ணை எட்டிப் பிடிக்கும்வரை எல்லா ரீடிங்கும் குப்பைக்குத்தான் போகும்.

216 யூனிட் வித்தியாசம். என் மீட்டரில் ஒரு யூனிட் என்பது ஒரு கன மீட்டர் கேஸ், அது ஏறக்குறைய 11 கிலோவாட் மணி. (பில்லின் பின்பக்கம் சூத்திரம் இருக்கும்: யூனிட்டை 1.02264-ஆல் பெருக்கி, கலோரி மதிப்பால் (கேஸின் வெப்ப ஆற்றலைச் சொல்லும் எண்) பெருக்கி, 3.6-ஆல் வகுக்க வேண்டும்.) அன்றைய விலைக்கு அது சுமார் 155 பவுண்டு. ஆக, என் உண்மையான கிரெடிட் 318 பவுண்டு சொச்சம். இதே பக்கத்தில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய கன அடி மீட்டர்களுக்கு 2.83-ஆலும் பெருக்குவார்கள். உங்கள் மீட்டரில் எம்3 என்று இருக்க, பில்லில் கன அடி என்று போட்டிருந்தால் ஏறக்குறைய மூன்று மடங்கு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

சாட்டில் போய் ரீஃபண்ட் கேட்டேன். நாம் கேட்டால் கிரெடிட்டைத் தர வேண்டும், தர மறுத்தால் நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பது எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் இவர்களுக்குக் கொடுத்திருக்கும் லைசென்ஸின் நிபந்தனை. அதைச் சொன்னதும், ‘சமீபத்திய ரீடிங் இல்லாமல் தர முடியாது’ என்றார்கள். சரி, இதோ ரீடிங். ‘இது எதிர்பார்த்த அளவில் இல்லை, சரிபார்க்க வேண்டும்.’ எவ்வளவு நாளாகும்? ‘உங்கள் பொறுமைக்கு நன்றி.’ தாலுகா ஆபீஸின் ‘நாளைக்கு வாங்க’ இங்கே இந்த உடையில் வரும் போலிருக்கிறது. பதில் அடிக்க இரண்டு நிமிடம் தாமதித்தால் சாட் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் வேறு ஆள், மறுபடியும் பிறந்த தேதி, போஸ்ட் கோட், முதலிலிருந்து கதை.

படம் அனுப்பச் சொன்னார்கள். எங்கள் கேஸ் மீட்டர் வெளிச்சுவரில் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. திறக்க முக்கோணத் துளைச் சாவி வேண்டும், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மழைத் தூறலில் குனிந்து, சிலந்திக்கூட்டை விலக்கி, போன் வெளிச்சத்தில் ஐந்து கறுப்பு எண்களையும் பளிச்சென்று எடுத்து அனுப்பினேன். சிவப்புக் கட்டத்தில் இருப்பவை புள்ளிக்குப் பிந்தைய எண்கள், அவை கணக்கில் சேராது. படத்தை நிராகரித்துவிட்டார்கள். மீட்டரின் சீரியல் நம்பர் படத்தில் இல்லையாம். அது பார்கோடுக்குக் கீழே எறும்பு சைஸில் இருக்கிறது. பிளாஷ் போட்டால் கண்ணாடியில் வெளிச்சம் தெறித்து எண் மறைகிறது, போடாவிட்டால் சீரியல் தெரியவில்லை. கடைசியில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தேன். நீங்கள் முதல் படத்தையே அப்படி எடுத்துவிடுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரோடு ஒப்பிட்டும் பாருங்கள். ஃப்ளாட்டுகளில் பக்கத்து வீட்டு மீட்டருக்குப் பணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

அதற்கும் பதில் இல்லை. ஏப்ரலில் வெறுத்துப்போய் சப்ளையரையே மாற்றினேன். மாறுவது ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது, அதில் சொல்ல ஒன்றும் இல்லை. மாறினால் பழையவர்கள் கணக்கை முடித்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். முடிக்காமல் வைத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் இந்த விவகாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. சப்ளையர் மாறிய பிறகு 6 வாரத்துக்குள் பைனல் பில் வர வேண்டும். பைனல் பில் அனுப்பியதிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் கிரெடிட்டைத் திருப்பித் தர வேண்டும். முதல் கெடு தவறினால் 40 பவுண்டு நஷ்ட ஈடு, இரண்டாவது தவறினால் தனியாக இன்னொரு 40. (2024 வரை 30 ஆக இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் 40.) பைனல் பில்லே வராவிட்டால் அந்த 10 நாள் கடிகாரம் ஓடத் தொடங்குவதே இல்லை. நான் பார்த்தவரை, போன் செய்கிறவர்கள் எல்லாரும் ‘ரீஃபண்ட் எங்கே, ரீஃபண்ட் எங்கே’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு ‘பில் தயாரானதும் வரும்’ என்ற பதில் ரெடியாக இருக்கிறது. ‘பைனல் பில் எங்கே? எந்த ரீடிங்கில் முடிக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள், அங்கே தடுமாறுவார்கள்.

எந்த ரீடிங் என்பது இரட்டிப்பு முக்கியம். பழையவர்கள் முடிக்கிற எண்ணும் புதியவர்கள் தொடங்குகிற எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் புதியவர்களிடம் 04690 கொடுத்தேன், அவர்கள் அதிலிருந்து தொடங்கினார்கள். பழையவர்கள் 04912-இல் முடிக்கப் பார்த்தார்கள். விட்டிருந்தால் நடுவிலுள்ள 222 யூனிட்டுக்கு நான் இரண்டு பேருக்கும் பணம் கட்டியிருப்பேன். மாறுகிற அன்று எடுத்த படம் கையில் இருந்ததால் தப்பித்தேன்.

பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். இருபது வருஷத்துக்கும் மேலாக லண்டன் ஹாரோவில் இருப்பவர். அவர்தான் சொன்னார்: “தம்பி, சும்மா கேட்டுக்கொண்டு இருந்தால் அவங்கள் அசைய மாட்டாங்கள். கம்ப்ளெயின்ட் எண்டு சொல்லி எழுத்தில குடுங்கோ. நம்பர் வாங்குங்கோ.” அதுவரை நான் பேசியதெல்லாம் அவர்கள் ஏட்டில் வெறும் ‘விசாரிப்பு’. கம்ப்ளெயின்ட் என்று பதிவாகி 8 வாரம் கழிந்தும் தீரவில்லை என்றாலோ, ‘இதற்கு மேல் எங்களால் முடியாது’ என்று அவர்களே டெட்லாக் கடிதம் கொடுத்தாலோ, இந்தத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் நடுநிலை அமைப்பான எனர்ஜி ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். நமக்குச் செலவில்லை. நாம் ஒப்புக்கொண்டால் அந்தத் தீர்ப்புக்குக் கம்பெனி கட்டுப்பட வேண்டும்.

மே நடுவில் மின்னஞ்சலில் கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். சீரியல் தெரிகிற படங்கள், புது சப்ளையரின் தொடக்க ரீடிங், சாட் உரையாடல்களின் பிரதி எல்லாம் இணைப்பில். சாட்டை முடிக்கும்போது ‘பிரதியை அனுப்பு’ என்று ஒரு பொத்தான் இருக்கும், மறக்காமல் அழுத்துங்கள். ஜூனில், 6 வாரக் கெடு தாண்டிய பிறகு, பைனல் பில் வந்தது. 04690. கிரெடிட் 318. அன்று இரவு ஷிஃப்டுக்குப் போகும்போது பாட்டு கேட்டுக்கொண்டே போனேன்.

கொண்டாட்டம் கொஞ்ச நாள்தான். கம்ப்ளெயின்டுக்கு முன்பு பேசிய ஒரு ஏஜென்ட், ‘கணக்குதான் முடிந்துவிட்டதே, டைரக்ட் டெபிட்டை வங்கியில் ரத்து செய்துவிடுங்கள்’ என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி செய்திருந்தேன். ரீஃபண்ட் சாதாரணமாக அந்த டைரக்ட் டெபிட் போன கணக்குக்கே திரும்பி வரும். அது இல்லாததால் செக்காக அனுப்பிவிட்டார்கள். யார் என்ன சொன்னாலும் ரீஃபண்ட் கைக்கு வரும்வரை டைரக்ட் டெபிட்டைத் தொடாதீர்கள். அதிகமாக எடுத்துவிடுவார்களோ என்று பயம் வேண்டாம். தவறாக எடுத்தால் வங்கியிடம் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள டைரக்ட் டெபிட் உத்தரவாதம் இருக்கிறது.

செக்கைப் பிரித்தேன். அப்பாவின் பேர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பேர் இடத்தில் அப்பா பேர்தான் இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தான். யாரோ ஒரு புண்ணியவான் என் பேரை மொத்தமாக விட்டுவிட்டு, அதை மட்டும் போட்டு, முன்னால் சம்பந்தமே இல்லாத ஒரு இனிஷியலையும் சேர்த்திருந்தார். அப்பா மன்னார்குடியில் இருக்கிறார். இந்தக் கம்பெனியின் கேஸில் ஒரு டீ கூடப் போட்டதில்லை. வங்கி ஆப்பில் படம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன், திரும்பிவிட்டது. கிளைக்கு நேரில் போனால், கவுன்டரில் இருந்த பெண் செக்கையும் என் கார்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘இவர் உங்கள் உறவினரா?’ என்றார். ஆமாம் என்றுதான் சொல்ல முடிந்தது.

புது சப்ளையரிடம் நான் முதலில் செய்த வேலை, கணக்கில் என் பேர் வங்கியில் இருப்பது போலவே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பார்த்ததுதான். நீங்களும் இன்றே பாருங்கள். கடன் வரும்போது கவலையில்லை, வரவு வரும்போதுதான் பேர் உதைக்கும்.

செக்கை ரத்து செய்து வங்கிக்கு நேரடியாக அனுப்பச் சொன்னால், ‘பழைய செக் காலாவதியாகும்வரை புதிது தர முடியாது’ என்று ஒருவர் சொன்னார். இங்கே செக்குக்கு ஆறு மாதம் ஆயுள். அன்றைக்குத்தான் நிஜமாகவே குரல் உயர்ந்தது. இன்னொருவர், ‘அப்படி ஒரு விதியே இல்லை, நானே நிறுத்திவிடுகிறேன்’ என்றார். அவரும் நிறுத்தவில்லை.

ஜூலையில் 8 வாரம் முடிந்த மறுநாள் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். கம்ப்ளெயின்ட் எண், தேதிகள், தவறிய இரண்டு கெடுக்கள், ‘வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் ஆம்பட்ஸ்மன்’. கோபம், அறிவுரை எதுவும் இல்லை. மறுநாளே கம்ப்ளெயின்ட் பிரிவிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். அத்தனை பேர் முடியாது என்ற வேலையை அவர் பேசிக்கொண்டே செய்து முடித்தார். செக் ரத்து, என் பேர் திருத்தம், வங்கிக் கணக்கு சரிபார்ப்பு. ஆகஸ்ட் முதல் வாரம் 318 பவுண்டும், பைனல் பில் தாமதத்துக்கான 40-ம் வந்தன. அந்த 40 கேட்காமலேயே வந்திருக்க வேண்டியது. தவறிய கெடுவிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அவர்கள் தராவிட்டால் அதற்கும் ஒரு 40 உண்டு. கேட்காதவர்களுக்கு எப்போதாவது கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

ரீஃபண்ட் தாமதத்துக்கான 40 இன்னும் பாக்கி. செக்கை 10 வேலை நாட்களுக்குள் அனுப்பிவிட்டோம், கெடு தவறவில்லை என்கிறார்கள். என் பேரே இல்லாத செக்கை அனுப்பினால் எனக்குத் திருப்பித் தந்ததாக எப்படி ஆகும் என்று கேட்டிருக்கிறேன். 8 வாரம் ஏற்கனவே தாண்டிவிட்டதால் அவர்களுடைய கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆம்பட்ஸ்மன் படிவத்தில் செக்கின் படத்தைச் சேர்த்தாகிவிட்டது. திங்கட்கிழமை அனுப்புகிறேன்.