உளுந்து வயலும் போஸ்ட்டாக் தேடலும்

உணரி வலையமைப்புகளில் (சூழலை அளந்து கம்பியில்லாமல் தரவு அனுப்பும் சிறு கருவிகளின் தொகுப்பு) முனைவர் பட்டம் பெற்ற 2019-இல், எனக்கான போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி, கணினி அறிவியல் துறையிலோ மின்னணுவியல் துறையிலோதான் இருக்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில், பெயரை மட்டும் மாற்றி, ஒரே மடலை நாற்பது பேராசிரியர்களுக்கு அனுப்பினேன். மூவர் மட்டுமே பதில் எழுதினர். மூவருமே நிதியில்லை என்றனர்.

நான் கேட்ட கேள்வியே தவறு என்பது பிறகுதான் புரிந்தது. பேராசிரியர் ஏற்கெனவே பெற்றுள்ள திட்ட நிதியிலிருந்து வரும் வேலைக்கு விளம்பரம் உண்டு, கடைசித் தேதி உண்டு. ஜெர்மனியில் என்றால் சம்பளத் தொகைக்குப் பதிலாகப் பெரும்பாலும் 'டிவி-எல் இ13' என்ற ஊதிய நிலை மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். விளம்பரம் இல்லாத இடத்தில், நாமே முன்மொழிவு எழுதிப் போட்டியிடும் நல்கைகள்தான் வழி. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கோடோவ்ஸ்கா-கியூரி நல்கைக்கு, கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், ஆய்வுக்காகச் செல்லவிருக்கும் நாட்டில் வசித்திருக்கக் கூடாது என்றொரு விதி உண்டு. இந்தியாவிலிருந்து நேரே செல்பவருக்கு இது தடையே அன்று. ஆனால் நம்மை ஏற்க ஓர் ஆய்வகம் முன்வர வேண்டும். அங்கே "இடம் காலியா?" என்று கேட்பதில் பயனில்லை, "உங்களோடு சேர்ந்து இதை எழுதலாமா?" என்றுதான் கேட்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை, துறையின் பெயரை நம்பியது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாக் கருவிகளுக்கான 802.15.4 தரநிலை 2003-இல் வெளிவந்த பின், தரவு எந்த வழியாகச் செல்ல வேண்டும் என்று முடிவுசெய்யும் வழித்தேர்வு நெறிமுறைகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். உணரிகள் உண்மையில் தேவைப்படுபவர்களோ நீரியலாளர்கள், மண்ணியலாளர்கள், பாலங்களின் அதிர்வை அளக்கும் கட்டடப் பொறியாளர்கள். அவர்களுடைய விளம்பரத் தலைப்பில் 'வலையமைப்பு' என்ற சொல்லே இருக்காது. தகுதிகளின் வரிசையில் எங்கோ ஆறாவது வரியில் ஒளிந்திருக்கும்.

அப்படியொரு நீரியல் குழுவின் நேர்காணலில் என் நெறிமுறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆய்வேட்டின் பின்னிணைப்பில், வெட்டிவிடலாமா என்று நானே தயங்கிய அரைப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். காவிரிக் கடைமடையில், சம்பா அறுவடைக்குப் பின் உளுந்து தெளித்திருந்த வயலில் மண் ஈரத்தை அளந்தபோது நேர்ந்த குழப்பம் அது. மின்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு மின்னாற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண் மின்காப்பு மாறிலி. நீருடையது ஏறத்தாழ 80, உலர்ந்த மண்ணுடையது 5-ஐ ஒட்டியது. இந்த வேறுபாட்டைக் கொண்டே மின்தேக்கு உணரி ஈரத்தைக் கணிக்கிறது. கடலை ஒட்டிய உப்பு மண்ணில் மின்கடத்துதிறன் கூடுவதால், காய்ந்த இடத்தையும் அது ஈரமென்றே காட்டியது. மண்ணை எடுத்து உலர்த்தி, எடை பார்த்து, அளவீட்டைத் திருத்திய கதையை இருபது நிமிடங்கள் சொன்னேன். வேலையை வாங்கித் தந்தது அந்தக் கதைதான்.

ஒப்பந்தம் இரண்டாண்டுகளுக்கு. பணியில் சேர்ந்த அன்று கையில் கொடுத்தவை ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸும் ஒரு மண் துளைப்பானும். மடிக்கணினி மறுவாரம்தான் வந்தது.