ஆத்தங்குடிக் கல்லில் விழுந்த திருகாணி

காரைக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் நான். வாள்வீச்சு சொல்லித்தருகிறேன் என்றதும், "பவானி தேவி மாதிரியா?" என்பார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் ஆடியது சேபர் என்ற வாள்வகை, அதில் வெட்டலாம். என்னுடையது ஃபாயில். குத்த மட்டும்தான் முடியும், அதுவும் உடம்பின் நடுப்பகுதியில். கையிலோ காலிலோ பட்டால் புள்ளி காட்டும் மின்கருவியில் வெள்ளை விளக்கு எரியும், புள்ளி கிடையாது. இதை விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

பள்ளியில் இடமில்லை. தெரிந்த ஆச்சி ஒருவர் தன் வீட்டைத் திறந்துவிட்டார். போட்டிக் களத்தின் நீளம் 14 மீட்டர். வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் எங்களுக்குக் கிடைத்தது 10 தான். பின்வாங்குகிற பிள்ளை தூணில் முட்டிக்கொள்ளும். பர்மாத் தேக்கு, தூணுக்கு ஒன்றும் ஆகாது.

வேலையில் பாதி ரிப்பேர். வாளின் நுனியில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தி மேலே 500 கிராம் எடையை வைத்தால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் எடையைத் தூக்க வேண்டும். தூக்காத வாளைப் போட்டியில் ஒதுக்கிவிடுவார்கள். பொத்தானைப் பிடித்திருப்பவை கடுகைவிடச் சிறிய இரண்டு திருகாணிகள். பூவும் கொடியுமான ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஒன்று விழுந்தால் போச்சு. ஒருநாள் நாங்கள் தவழ்ந்து தேடியதைப் பார்த்து ஆச்சி கேட்டார்: "யாரு மூக்குத்தித் திருகாணி தம்பி?"

இதில் எனக்கு இத்தனை பிடிவாதம் வரக் காரணம் உண்டு. மாநிலப் போட்டி ஒன்றில் 14-14. அடுத்த புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. எதிராளியின் நெஞ்சில் சரியாகக் குத்தினேன். எரிந்தது வெள்ளை விளக்கு. சட்டைக்குள் ஓடும் வயரில் ஓர் இழை அறுந்திருந்தது. காலையில் சோதிக்காதது நான்தான். அடுத்த புள்ளி அவனுக்கு. என் ஆட்ட வாழ்க்கை ஏறக்குறைய அங்கேயே முடிந்தது.

பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி சொல்வது யேசி என்ற ஊரின் கதை. இத்தாலியில் ஒரு சிற்றூர். எட்சியோ திரிக்கோலி என்பவர் இரண்டாம் உலகப் போரில் கைதியாகித் தென்னாப்பிரிக்க முகாமில் வாள்வீச்சு கற்று, ஊர் திரும்பிச் சொல்லிக்கொடுத்தார். 1992 முதல் 2012 வரை நடந்த 6 ஒலிம்பிக்கில் பெண்கள் ஃபாயில் தனிநபர் தங்கம் 5 முறை அந்த ஊருக்குப் போனது: த்ரில்லினி, வெத்சாலி மூன்று முறை, தி பிரான்சிஸ்கா. 2004 இறுதிப் போட்டியில் மோதிய இரண்டு பேருமே அந்த ஊர்க்காரர்கள்! ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, "நம்மாளுக கொண்டுவிக்கப் போயி தேக்கும் கல்லும் கொண்டாந்தாக. அவரு குச்சி கொண்டாந்திருக்காரு" என்றார். கொண்டுவிக்கப் போவது என்றால் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போவது.

சரி, கதை கேட்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பெற்றோர் கேள்வி வேறு. நன்றாக ஆடும் ஒரு பெண்ணின் அம்மா போன வாரம் வந்திருந்தார்.

"இதுல வேலை கிடைக்குமா சார்?"

வெத்சாலியே இத்தாலியில் போலீஸ் சம்பளம் வாங்கித்தான் ஆடினார் என்றேன்.

"இங்க எடுப்பாங்களா?"

"விளையாட்டு ஒதுக்கீடு இருக்கும்மா. ஆனா மெடல் வேணும்."

சற்று யோசித்தார். "அப்ப வாங்கட்டும் சார். ஆனா ஆறு மணிக்கு விட்ருங்க. எங்க ஊருக்கு அதுக்கப்புறம் பஸ் இல்ல."