மாணவர்களுக்கு ஒரே லாகின் அமைத்த அனுபவம்: சேர்க்கை எண்ணில் தொடங்குங்கள்

கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கையே மாணவர்களின் ஒரே லாகினாக வைத்து, கற்றல் தளம், நூலகம், தேர்வுச் செயலி மூன்றையும் அதோடு இணைத்தோம். செட்டிங்ஸில் போன நேரத்தைவிடப் பெயர்ப்பட்டியலைச் சரிசெய்யப் போன நேரம்தான் அதிகம்.

முதலில் யூசர்நேமை முடிவு செய்யுங்கள். பெயரை வைத்தால், ஒரே பெயரில் இரண்டு பேர் வந்ததும் பின்னால் 1, 2 ஒட்டவேண்டி வரும். யார் 1, யார் 2 என்பது ஆசிரியருக்கே குழப்பம். வகுப்பையும் பிரிவையும் சேர்த்தால் அடுத்த ஆண்டே அது தவறாகிவிடும். பள்ளியை விட்டுப் போகும்வரை மாறாதது சேர்க்கை எண் மட்டுமே. அதற்கு முன்னால் ஓர் எழுத்தையும் சேர்த்துவிடுங்கள். வெறும் எண்ணாக இருந்தால் எக்செல் முன்பக்கப் பூஜ்யங்களைத் தின்றுவிடும்; 004127 என்பது 4127 ஆகி, வேறு கணக்காகவே உருவாகிவிடும்.

கணக்குகளை மொத்தமாக உருவாக்க ஏற்றும் சிஎஸ்வி கோப்பில் (காற்புள்ளியால் பிரித்த எளிய பட்டியல்) முதற்பெயர், கடைசிப் பெயர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு, நிறுவனப் பிரிவின் பாதை (கணக்கு எந்த வகுப்பு அல்லது குழுவின் கீழ் வரும் என்பது) ஆகிய ஐந்தும் கட்டாயம். ஒற்றைப் பெயர் உள்ள பிள்ளைக்குக் கடைசிப் பெயர் இடத்தில் இனிஷியலைப் போடலாம். பாஸ்வேர்டில் குறைந்தது 8 எழுத்துகள் வேண்டும். பெயர்கள் தமிழில் இருந்தால், தமிழ் எழுத்துகளைத் தாங்கும் யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்காவிட்டால் எல்லாம் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். முதல் லாகினிலேயே பாஸ்வேர்டை மாற்றச் சொல்லும் வசதியைச் சிறிய வகுப்புகளுக்குப் போடாதீர்கள். ஒரு பீரியட் முழுக்க அதிலேயே போய்விடும். ஆண்டு இறுதியில் வகுப்பு மாற்றும்போது அதே கோப்பில் பாதையை மட்டும் மாற்றி, பாஸ்வேர்டு இடத்தில் **** என்று போட்டு ஏற்றினால் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

செயலிகளை எஸ்ஏஎம்எல் (கூகுள் லாகினைச் செயலி ஏற்றுக்கொள்ள உதவும் பொது முறை) வழியாக இணைக்கும்போது, செயலி தரும் என்டிட்டி ஐடி (செயலியின் அடையாளப் பெயர்), ஏசிஎஸ் முகவரி (லாகின் தகவலைக் கூகுள் அனுப்பும் இடம்) இரண்டையும் கைப்பட அடிக்காமல் நகலெடுத்து ஒட்டுங்கள். கடைசியில் ஒரு சாய்கோடு கூடினாலும் வேலை செய்யாது. 403 பிழையில் 'நாட் கான்ஃபிகர்டு' என்று வந்தால் பெரும்பாலும் என்டிட்டி ஐடி பொருந்தவில்லை. 'நாட் எனேபிள்டு' என்றால் அந்த மாணவரின் பிரிவுக்குச் செயலி ஆன் செய்யப்படவில்லை. ஆன் செய்தாலும் எல்லாருக்கும் போய்ச்சேர 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், தேர்வு நாள் காலையில் இதில் கை வைக்கவேண்டாம். சோதிக்கும்போது அட்மின் கணக்கில் பார்த்துவிட்டுத் திருப்திப்படாமல் ஒரு மாணவர் கணக்கிலும் பாருங்கள். 18 வயதுக்குட்பட்டவர் என்று குறித்த கணக்குகளில், 'கூகுள் மூலம் உள்நுழை' பொத்தானை நம்பியிருக்கும் வெளிச் செயலிகள் அட்மின் அனுமதி தரும்வரை திறக்காது.

லாகினின்போது கூகுள் செயலிக்கு அனுப்பும் நேம் ஐடிதான் செயலி ஒருவரை அடையாளம் காணும் வழி. வழக்கமாக அங்கே மின்னஞ்சல் போகும். பெயர் திருத்தத்தால் மின்னஞ்சல் மாறினால், செயலி அவரைப் புதிய ஆளாக நினைத்து இரண்டாவது கணக்கைத் திறந்துவிடும். பழைய மதிப்பெண்கள் முதல் கணக்கிலேயே கிடக்கும். மின்னஞ்சலில் சேர்க்கை எண் இருந்தால் பெயர் எத்தனை முறை திருத்தினாலும் இந்தத் தொல்லை இல்லை.

அதிகம் படுத்தியது கணினி ஆய்வகம்தான். தேர்வுச் செயலியில் லாக்அவுட் செய்தால் அந்தச் செயலி மட்டுமே மூடும். கூகுள் லாகின் பிரவுசரில் உயிரோடுதான் இருக்கும். அடுத்த பீரியடில் அதே கணினியில் உட்காரும் பிள்ளை லாகின் பொத்தானை அழுத்தியதும், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் முந்தைய பிள்ளையின் கணக்கு திறக்கும். விடைத்தாளும் அந்தப் பெயரிலேயே பதிவாகும். பிரவுசரை, மூடியதும் லாகினை மறந்துவிடும் கெஸ்ட் முறையில் மட்டும் திறக்கும்படி வைத்து, பீரியட் முடிந்ததும் எல்லா விண்டோவையும் மூடச் சொல்லுங்கள். ஒரு டேப் மட்டும் மூடினால் போதாது.

பாஸ்வேர்டு மறந்த பிள்ளைகள் தினமும் வருவார்கள். மாணவர் பிரிவுக்கு மட்டும் பாஸ்வேர்டு மாற்றும் அதிகாரத்தை வகுப்பாசிரியர்களுக்குக் கொடுத்துவிடலாம். அட்மின் முழு அதிகாரம் தேவையில்லை.

பள்ளி மாறிப்போனவர்களின் கணக்கை உடனே அழிக்காமல் இடைநிறுத்தி வையுங்கள். அழித்ததை மீட்க 20 நாள்தான் அவகாசம். லாகின் தகவல் கூகுளிடமிருந்துதான் வந்தது என்று செயலி சரிபார்க்க உதவும் எஸ்ஏஎம்எல் சான்றிதழின் ஆயுள் 5 ஆண்டு. அது காலாவதியானால் அதை நம்பியிருக்கும் செயலிகள் எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகும். அந்தத் தேதியை ஒருவர் மட்டும் பார்க்கும் காலண்டரில் போடாமல், அலுவலகக் காலண்டரில் போடுங்கள்.