தண்ணீரில் அளந்த வேகம்

ரத்தம் வேகமாக ஏற்றுவதற்கான கதீட்டர் ஒன்றை வடிவமைக்கும் குழுவில் என்னைச் சேர்த்தபோது, வேலை இரண்டு மாதத்தில் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். குழாய்தானே! நான் படித்தது மெக்கானிக்கல். குழாயில் நீரோட்டம் எல்லாம் மூன்றாம் செமஸ்டரிலேயே பார்த்தாயிற்று.

எங்களுக்குக் கொடுத்த இலக்கு பிரசவ அறையிலிருந்து வந்தது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் ரத்தம் போகிறது. பிரசவத்துக்குப் பிறகு கருப்பை சுருங்காவிட்டால் அந்த வேகத்திலேயே வெளியே கொட்டவும் செய்யும். வார்டில் வழக்கமாகக் கையில் குத்தி வைக்கும் சின்னக் குழாயான பச்சை வென்ஃப்ளான், அதாவது 18ஜி அளவு, நிமிடத்துக்கு 100 மி.லி.யை ஒட்டித்தான் விடும். அதுவும் பெட்டியில் அச்சிட்ட கணக்கு. அந்தக் கணக்கு எப்படி வந்தது என்று தரநிலையைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு அளக்கிறார்கள். ரத்தத்தை அல்ல.

குழாயின் உள்விட்டம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்காகும் என்ற விதியை 1840களில் எழுதியவர் புவாசேய் என்ற பிரெஞ்சு மருத்துவர். அவர் அறிய விரும்பியது ரத்த ஓட்டத்தை. அளந்ததோ, மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது, நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்!

முதல் மாதிரி, கதீட்டர்களுக்கான அளவில் 8.5 பிரெஞ்சு, அதாவது வெளிவிட்டம் 2.8 மி.மீ. தண்ணீரில் அருமையாக ஓடியது. ஆனால் வார்டில் ஏற்றுவது செவ்வணுக்கள் செறிந்த பை. ஃபிரிட்ஜிலிருந்து 2 முதல் 6 டிகிரியில் வருவது, கூழ் மாதிரி இருக்கும். அதற்கு ஈடாகக் கிளிசரின் கலந்த நீரை விட்டதுமே வேகம் இறங்கியது. பிறகு 42 நாள் கெடு தாண்டிக் கழித்த பைகளை அனுமதி பெற்று வாங்கி, ரத்தப் பையைச் சுற்றி அழுத்தும் பிரஷர் பேக்கை 300 மி.மீ. பாதரச அழுத்தத்துக்கு ஊதிச் சோதித்தோம். ரத்தத்தோடு வேலை செய்த முதல் நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோளாறு குழாயில் என்று நினைத்து அதன் சுவரை மெலிதாக்கிக்கொண்டே போனோம். உள்விட்டம் பத்து சதவீதம் குறைந்தால் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் மைக்ரானுக்கெல்லாம் சண்டை போட்டோம். சுவர் மெலிந்ததும் வளைக்கிற இடத்தில் குழாய் மடிந்தது. பாலியூரித்தேன் உடல் சூட்டில் இளகும். மேசைமேல் விறைப்பாக நிற்பது கைக்குள் போனதும் துவண்டுவிடும். இப்படி ஒரு மாதம் போன பிறகு, டெக்னீஷியன் ஒருவர் யாரையும் கேட்காமல் இடையில் மாட்டியிருந்த த்ரீ-வே குமிழைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து வரும் டியூபைக் கதீட்டரில் நேராகச் செருகினார். கண்ணுக்கே தெரிந்தது வித்தியாசம். அகலமான குழாய்க்கு முன்னால் குறுகலான மூன்று துளைக் குமிழை மாட்டிவிட்டு, நாங்கள் குழாயைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆறு வழிச் சாலைக்கு ஒற்றை டோல் கேட் வைத்த கதை.

சரி, வேகம் வந்துவிட்டது என்று ஓர் அரசு மருத்துவமனைக்கு மாதிரியைக் கொண்டுபோனோம். பிரசவ வார்டில் மூத்த சிஸ்டர் ஒருவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தார்.

"தம்பி, இவ்வளவு பெருசைப் போட நரம்பு எங்க இருக்கும்? ரத்தம் போன உடம்புல எல்லாம் ஒட்டிக்கிட்டுல்ல கிடக்கும்?"

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் சிரைக்கும் நம் வார்டுகளில் பெயர் நரம்புதான். வகுப்பில் சொன்னால் மார்க் போய்விடும், வார்டில் சொல்லாவிட்டால் யாருக்கும் புரியாது.

அவர் கேட்டதற்கான பதில் 1953லேயே இருந்தது. செல்டிங்கர் என்ற ஸ்வீடன் கதிரியக்க மருத்துவர் காட்டிய வழி: ஊசி வழியே கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பிமேல் குழாயை ஏற்று. அப்படியானால் எப்படியோ கிடைத்த சின்ன வென்ஃப்ளானே போதும். அதற்குள் கம்பி விட்டு, தோலில் சிறு கீறல் போட்டு, துளையை அகட்டும் டைலேட்டரோடு பெரிய குழாயை உள்ளே தள்ளலாம். இந்த முறையில் அமைந்த கதீட்டர்கள் ஏற்கெனவே சந்தையில் உண்டு. நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனால் டைலேட்டருக்கும் குழாய் நுனிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் நுனி தோலில் சிக்கி உதடு பிதுங்குகிற மாதிரி மடங்கும். அந்த நுனியைச் சரிசெய்யத்தான் அதிக நாள் பிடித்தது. கோழிக்கால் வாங்கி வந்து, தோலோடு வைத்துக் குத்திக் குத்திப் பார்த்தோம். எங்கள் லேப் ஃபிரிட்ஜைத் திறந்தவர்கள் எல்லாம் பிரியாணி எப்போது என்று கேட்டார்கள்.

நுனி சரியானதும் மறுபடியும் அதே வார்டுக்குப் போனேன். சிஸ்டர் இந்த முறை இரட்டைக் கையுறை போட்டு, கையுறையை சலைனில் நனைத்துக்கொண்டு கதீட்டர் இருந்த உறையைப் பிரிக்கப் பார்த்தார். வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முயற்சியில் கிழித்தார். பிறகு கதீட்டரின் தலையைப் பிடித்து மெல்ல அசைத்தார்.

"இதைப் பிளாஸ்டர் மட்டும் போட்டு ஒட்டினா நிக்குமா? நோயாளியை ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டு தியேட்டருக்கு ஓடுவோமே, தம்பி."

பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்த வேகத்தில் ரத்தம் முழுதும் தோலுக்கடியில் போய்க் கை வீங்கிவிடும். எங்கள் வரைபடத்தில் தையல் போட இடமே இல்லை. பேருந்தில் திரும்பும்போது பில்லின் பின்பக்கத்தில், கதீட்டர் தலைக்கு இரண்டு பக்கமும் துளையிட்ட காது வைத்து வரைந்தேன்.